இரண்டாவது கையெழுத்து

கேள்வியைக் கேட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தந்தையை அடக்கம் செய்த ஏழாம் நாள் திருப்பலி முடிந்து, ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். என் வலப்பக்கம் நின்றவர், பேசத் தொடங்குமுன் சுற்றி வந்து இடப்பக்கமாக நின்றுகொண்டார். அவருக்கு இடது காது கேட்காது. யாரோடு பேசினாலும் அவரைத் தம் வலப்பக்கம் இருத்திக்கொள்வது அவருடைய பழக்கம்.

"சாமி, அன்னைக்கு ராத்திரி அப்பா எங்கள விட்டுட்டுப் போனது சரியா, தப்பா? பிரசங்கத்துல அவர நல்ல தகப்பன்னு சொன்னீங்க. அதான் கேக்கறேன்."

குருமடத்தில் ஏழாண்டுகளுக்கு மேல் மெய்யியலும் இறையியலும் கற்றவன் நான். ஆயினும் அந்த இடத்தில் எனக்கு விடை வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரு குருவானவர் இறந்துபோன ஒருவருடைய மனச்சான்றைப் பற்றி எழுதினால், அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதோ என்று வாசக அன்பர்கள் ஐயுறக்கூடும். அப்படிக் கேட்டது எதுவும் இதில் இல்லை. அந்தப் பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில், பட்டப்பகலில், தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பலமுறை சொன்னது இது. மகளின் இசைவோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

வேப்பனப்பள்ளிப் பகுதியை அறியாதவர்களுக்கு இரண்டு சொல். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடகிழக்கு மூலை இது. வடக்கே சிறிது தொலைவு போனால் கர்நாடகம். கிழக்கே போனால் ஆந்திரம். சந்தையில் ஒரு கூறு தக்காளிக்குத் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சண்டையிட்டு வாங்கிவருவார்கள். மார்க்கண்டேய நதியில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளைவிட ஓடாத ஆண்டுகளே அதிகம். மாமரம் உண்டு, ஆனால் மாமரம் ஆண்டுக்கொரு முறைதான் காய்க்கும், வயிறு அன்றாடம் பசிக்கும். ஆகவே இங்குள்ள ஆண்கள் தலைமுறை தலைமுறையாக எல்லை தாண்டிப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலார் தங்கவயல் திறந்தபோது அங்கே போனார்கள். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பின்னர் பெங்களூர், இன்று ஓசூர்.

பெங்களூருக்குப் போனவர்களில் சிலருக்கு விமானத்தோடு உறவு ஏற்பட்டது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை அங்கே தொடங்கினார். போர்க்காலத்தில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க விமானங்கள் அங்கே பழுதுபார்க்கப்பட்டன. போருக்குப் பின் 1951-இல் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் பறந்தது. 1961-இல் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தலைமையில் உருவான மாருத் போர்விமானம் பறந்தது. அந்த நகரில் விமானத்தைத் தொட்டு வேலை செய்த கைகள் பெரிதும் வெளியூர்க் கைகள். ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கும் வேப்பனப்பள்ளியிலிருந்து போனவருக்கும் ஊதியத்தில் மலையளவு வேறுபாடு இருந்திருக்கும். மாலையில் அறைக்குத் திரும்பி, தன் மொழியில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பதில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் பெரியவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படித்துவிட்டு, அறுபதுகளின் இறுதியில் பெங்களூரில் ஒரு சிறிய விமானப் பராமரிப்புக் கூடத்தில் சேர்ந்தார். இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் சிறு விமானங்கள் அங்கே வரும். மனைவியும் தாயும் பிள்ளையும் ஊரில். திங்கள் முதல் சனி நண்பகல்வரை அங்கே. சனி மாலையிலிருந்து ஞாயிறு வரை இங்கே. வாரத்தில் ஒன்றரை நாள் தகப்பனாக வாழ்ந்தவர் என்று சொல்லலாம். ஊதியத்தில் தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது அறை வாடகைப் பங்கும், பேருந்துக் கட்டணமும், நாளுக்கு ஒரு கட்டுப் பீடியும். பீடியையும் பிற்பாடு விட்டுவிட்டார்.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. விமானத்தை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படும் இயக்கப் பகுதிகளில் ஒருவர் கை வைத்தால், வேலை முடிந்தபின் இன்னொருவர் தனியாக அதை முழுவதும் சோதிக்க வேண்டும். செய்தவர் ஒரு கையெழுத்து; சோதித்தவர் இரண்டாவது கையெழுத்து. இரண்டும் பதிவேட்டில் இல்லாமல் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. முதல் கையெழுத்து 'நான் செய்தேன்' என்கிறது. இரண்டாவது 'நான் பார்த்தேன்' என்கிறது. பார்ப்பதென்றால் கண்ணால் மட்டுமன்று என்பார் பெரியவர். விமானி முன்னால் பிடித்திருக்கும் பிடியிலிருந்து வால்வரை உருக்குக் கம்பிவடம் ஓடும். அதன் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் நடுவில் டர்ன்பக்கிள் என்னும் இணைப்பு இருக்கும்; இருபுறமும் மரைகள் கொண்ட ஒரு சிறு உருளை. பறக்கும்போது ஏற்படும் அதிர்வில் அது தானாகத் திருகிக் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் பூட்டிவைப்பார்கள். உருளைக்கு வெளியே இருபக்கமும் மூன்று மரைக்குமேல் தெரியக் கூடாது. பூட்டுக்கம்பியின் முனை உறுதியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். அதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். "வெரலுக்கு ஞாபகம் இருக்கணும் சாமி" என்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வாரம். வியாழக்கிழமை ஊரிலிருந்து அஞ்சலட்டை வந்தது: குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும். ஐந்து வயது நிரம்பாத மூத்த மகள். சனிக்கிழமை நண்பகல் வேலை முடியும் நேரத்தில், அவரோடு பணிபுரிந்த கன்னடக்காரர் ஒருவர் ஒரு விமானத்தின் வால்பகுதிக் கம்பிவடத்தை மாற்றி முடித்து, முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டாவது கையெழுத்து நம்மவருடையது. கலாசிப்பாளையத்தில் பேருந்து ஒன்றரைக்குப் புறப்படும். அதை விட்டால் வேப்பனப்பள்ளிக்கு வந்துசேர நள்ளிரவாகும். அவர் விமானத்தின் வாலுக்குள் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்ததாகத் தோன்றியது. கையெழுத்திட்டார். ஓடினார்.

ஞாயிறன்று குழந்தை சற்றுத் தெளிவாக இருந்தது. கம்பவுண்டர் கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். இரவு மீண்டும் உடம்பு சுட்டது. குழந்தையின் பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: பூட்டுக்கம்பியை விரலால் தொட்டோமா? நினைத்து நினைத்துப் பார்த்தார். விரலுக்கு ஞாபகம் இல்லை. திங்கள் காலை முதல் பறப்பு அந்த விமானம்தான். பறக்கப் போகிறவன் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு மாணவன்.

இன்றைய இளைஞர்கள் "ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்பார்கள். ஞாயிறு இரவில் அஞ்சலகம் பூட்டிக் கிடக்கும். திறந்திருந்தாலும் டிரங்க் அழைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பெங்களூரில் அந்த நேரத்தில் எடுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? இரவு பத்து மணிக்கு மிதிவண்டியை எடுத்தார். மனைவி கேட்டதற்கு "அவசர வேலை, மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். கிருஷ்ணகிரி வரை மிதித்தார். நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். விடியுமுன் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, காவலாளியை எழுப்பி, விமானத்தின் வாலைத் திறந்து விரலால் தடவினார்.

கம்பி சரியாக இருந்தது. மரைகள் சரியாக இருந்தன. ஒரு குறையும் இல்லை. கன்னடக்காரர் எப்போதும்போல் தம் வேலையைச் செம்மையாகச் செய்திருந்தார்.

இங்கே வேப்பனப்பள்ளியில் இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. வீட்டில் இளம் மனைவியும் கண் தெரியாத மாமியாரும். அடுத்த தெருவில் அவருடைய அண்ணன் வீடு. அங்கே வண்டியும் மாடும் உண்டு. ஆனால் கையில் துடிக்கும் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு இருட்டில் ஓடுவது என்று தெரியாமல் அந்தத் தாய் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தபோது காலை ஒன்பது மணி. மூளைக் காய்ச்சல் என்றார்கள். குழந்தை பிழைத்தது. இடது காது போயிற்று. அந்த இரவு வீணாகாமல் இருந்தால் காது தப்பியிருக்குமா என்று பின்னர் ஒரு மருத்துவரைக் கேட்டார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லாமலிருக்கவும் முடியாது என்றாராம்.

மகளின் கேள்வி இதுதான். ஒன்றும் கெட்டுப்போகாத ஓர் இடத்துக்கு, எல்லாம் கெட்டுக்கொண்டிருந்த இடத்தை விட்டு ஒரு தகப்பன் போனது சரியா?

எங்களுக்குக் குருமடத்தில் கற்பித்த புனித தோமா அக்குவினார், அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்கிறார். எல்லாரையும் ஒரே அளவில் அன்பு செய்வது மனிதரால் ஆகாது. அப்படிச் செய்யவும் வேண்டியதில்லை. இரத்த உறவினர் முதலில்; பிறகுதான் மற்றவர். இதைப் படித்தபோது, துறவியானவர் இவ்வளவு குடும்பப்பற்றோடு எழுதுகிறாரே என்று வியந்திருக்கிறேன். ஆனால் அதே நூலில், உதவி செய்வதைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் ஒரு விலக்கு வைக்கிறார். பெற்ற தந்தைக்கு அத்தனை நெருக்கடி இல்லாதபோது, உயிர்போகும் நெருக்கடியில் இருக்கும் அந்நியனுக்கே முதலில் உதவ வேண்டும் என்கிறார். மனிதர் எவ்வளவு நெருங்கியவர் என்பதோடு, தேவை எவ்வளவு கடுமையானது என்பதையும் சேர்த்தே நிறுக்கச் சொல்கிறார்.

அந்த ஞாயிறு இரவில் தகப்பனுக்குத் தெரிந்தது என்ன? மகளுக்கு, கிராமத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் வருவதுபோன்ற ஒரு காய்ச்சல். மறுபுறம், தன் விரல் தொடாத ஒரு கம்பியை நம்பி வானத்தில் ஏறப்போகும் ஒரு பிள்ளை. நடக்கப்போவது தெரியாத நிலையில் எடுத்த முடிவை, நடந்தது தெரிந்த நாம் தீர்ப்பிடுவது முறையன்று. கம்பி சரியாக இருந்தது என்பதால் பயணம் வீண் என்பதும், வலிப்பு வந்தது என்பதால் போனது குற்றம் என்பதும் மறுநாள் காலையின் வெளிச்சத்தில் பேசும் பேச்சு. மேலும் அந்த மாணவன் அவருக்கு முற்றிலும் அந்நியனும் அல்லன். கையெழுத்திட்ட நொடியில் அவனும் அவருடைய பொறுப்பில் வந்துவிட்டான். யார் என் அயலான் என்ற கேள்விக்கு நற்செய்தி ஓர் உவமையால் விடை சொல்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவன் சமாரியனுக்கு உறவினனும் அல்லன், ஊர்க்காரனும் அல்லன். வழியில் கிடந்தான், அவ்வளவுதான்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் என் விடை எளிதாக இருந்திருக்கும்: போனது சரி. என்னை அதோடு நிற்கவிடாமல் செய்தது அந்தச் சனிக்கிழமை.

மகளின் காய்ச்சலுக்காகத்தான் அவர் ஓடினார். ஓடும் அவசரத்தில்தான் தொடாததைத் தொட்டதாகக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துதான் மறுநாள் இரவு அதே மகளின் படுக்கையிலிருந்து அவரை எழுப்பிக்கொண்டு போனது. குடும்பத்தின்மேல் கொண்ட அன்பே குடும்பத்திலிருந்து அவரைப் பிரித்தது. சனிக்கிழமை மிச்சப்படுத்திய மூன்று நிமிடத்துக்கு ஞாயிறு இரவு முழுவதையும் வட்டியாகக் கொடுத்தார். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பிள்ளைகளுக்காக என்று சொல்லி எடையில் சற்றே குறைப்பவர், கணக்கில் சற்றே கூட்டுபவர், பார்க்காத கோப்பில் பார்த்ததாகக் கையொப்பமிடுபவர், இவர்களில் கொடியவர்கள் சிலரே. பெரும்பாலோர் மாலையில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைகிறவர்கள்தாம்.

நல்ல மனம் போதாதா என்று கேட்கலாம். விமான உலகம் இதற்குக் கடுமையான விடை சொல்லியிருக்கிறது. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, பதினேழாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். இறந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்த விமானி பிழைத்தார். சில மாதங்களில் மீண்டும் பறந்தார். அந்தக் கண்ணாடி முந்தைய நாள் விடியற்காலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. தொண்ணூறு போல்ட்டுகளில் எண்பத்துநான்கு வேண்டிய அளவைவிடக் குறுக்களவில் சிறியவை; மற்ற ஆறு நீளம் குறைந்தவை. மாற்றியவர் சோம்பேறியல்லர். ஆள் குறைவான இரவில் தாமே முன்வந்து அந்த வேலையைச் செய்த மேற்பார்வையாளர் அவர். பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து, கண்ணால் ஒத்துப்பார்த்து, இதுதான் என்று எடுத்துக்கொண்டார். எண்ணைப் பட்டியலில் சரிபார்க்கவில்லை. கண்ணாடி பொருத்தும் வேலைக்கு இரண்டாவது கையெழுத்து தேவை என்ற விதியும் அப்போது இல்லை.

தவறும் மனச்சான்றும் கட்டுப்படுத்தும். ஆனால் கவனக்குறைவால் வந்த அறியாமை ஒருவரை முழுவதும் விடுவிக்காது என்று அக்குவினார் எழுதியதைக் குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அந்தப் போல்ட்டுகளைப் பற்றிப் படித்தபோதுதான் அது புரிந்தது. நாம் நேரில் பார்க்க முடியாத மனிதர்மேல் நாம் கொள்ளும் அன்புக்கு வேறு உருவம் இல்லை. அவர்களை அணைக்க முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது. அளந்து பார்ப்பதுதான் அன்பு. எண்ணைச் சரிபார்ப்பதுதான் அன்பு.

ஆயினும் பெரியவரின் கதையில் என்னை மிகவும் உறுத்துவது சனிக்கிழமையின் கையெழுத்தும் அன்று; ஞாயிறு இரவின் பயணமும் அன்று. அந்த இரண்டு சொற்கள்: "அவசர வேலை."

அண்ணன் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. போகிற வழியில் கதவைத் தட்டி, "குழந்தைக்குக் காய்ச்சல், அண்ணியை அங்கே போய்ப் படுக்கச் சொல்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் அவர்கள் கேட்பார்கள்: இந்த நேரத்தில் நீ எங்கே போகிறாய்? அதற்கு விடை சொல்ல வேண்டும். விமானத்தில் வேலை செய்கிறவன் என்று ஊரே தலைநிமிர்ந்து பார்க்கும் ஒருவர், பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மனைவியிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. "வெக்கம் சாமி, வேற ஒண்ணுமில்ல" என்று திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். உயிரைப் பணயம் வைத்து லாரியில் ஏறத் துணிந்தவருக்கு, ஒரு கதவைத் தட்டத் துணிவு வரவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1974 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை அடுத்த மலையொன்றில் டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானம் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். விசாரித்தபோது தெரிந்தது: ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில் சிக்கி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். செய்தி மற்றவர்களுக்குப் போய்ச்சேரவில்லை. இதற்குப் பின் 1976-இல் அங்கே ஒரு புதிய ஏற்பாடு வந்தது. விமானியோ மெக்கானிக்கோ தம் தவற்றைப் பத்து நாள்களுக்குள் தாமே எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்று செய்ததாகவோ குற்றச்செயலாகவோ இல்லாத பட்சத்தில், அவர்மேல் தண்டனை விதிப்பதில்லை, பெயரையும் நீக்கிவிடுவார்கள். எழுதி வாங்குவது தண்டிக்கும் துறையன்று, நாசா என்னும் விண்வெளி நிறுவனம். இலட்சக்கணக்கான அறிக்கைகள் இன்றுவரை வந்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்றே பெருமையும் வந்தது. இரகசியம் காப்பேன், தண்டிக்க மாட்டேன், உள்ளதைச் சொல் என்று சொல்லும் தொட்டி ஒன்று நம் கோவில்களில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நான் உட்கார்ந்திருக்க, எதிரே ஆள் வருவதுதான் குறைந்துவிட்டது.

நம் குடும்பத் தலைவர்களுக்கு இந்த நோய் அதிகம். வெளியூரில் உழைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பெங்களூரானாலும் துபாயானாலும், அங்கே பட்ட அவமானம், செய்த பிழை, ஊதியம் பிடித்தம் செய்யப்பட்ட கதை எதையும் வீட்டுக்கு எழுத மாட்டார்கள். பணவிடை அனுப்பிய காலத்தில் அந்தத் தாளின் அடியில் இருந்த சிறு இடத்தில் 'நான் நலம்' என்று மட்டும் எழுதினார்கள். வீட்டாருக்குக் கவலை தரக்கூடாது என்பது காரணம். அது உண்மையான காரணந்தான். வீட்டாரின் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்பதும் அதோடு கலந்திருக்கிறது. எது எவ்வளவு என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

புனித சூசையப்பரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் கைத்தொழிலாளர், அவரும் எல்லை தாண்டிப் புலம்பெயர்ந்தவர், அவரும் இரவில் எழுந்து புறப்பட்டவர். மத்தேயு நற்செய்தியில் அவர் பேசிய ஒரு சொல்லும் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பரில் அவரைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில் அந்த மறைந்த வாழ்வைச் சிறப்பித்தார். மேடைகளில் நாமும் சூசையப்பரின் மௌனத்தைப் புகழ்கிறோம். நானே பல மார்ச் மாதங்களில் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் இரவில் எழுந்தபோது குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் போகிறோம் என்று மரியாவிடம் சொல்லாமல் போயிருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை. (விமானமோட்டிகளுக்கு லொரேத்தோ அன்னையை 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் பாதுகாவலியாக அறிவித்தார். தரையில் நின்று அதைப் பழுதுபார்ப்பவனுக்கு யார் பாதுகாவல் என்று பெரியவர் ஒருமுறை கேலியாகக் கேட்டார். சூசையப்பரைத்தான் காட்டினேன்.)

அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் அவர் செய்தது இரண்டு. ஆறு மாதத்துக்குள் கடன் வாங்கிக் குடும்பத்தைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். ஓய்வுபெற்று ஊர் திரும்பும்வரை மனைவி மக்களைப் பிரிந்து ஓர் இரவும் தங்கியதில்லை. மகளைக் கன்னடப் பள்ளியில் முதல் வரிசையில், வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்க ஒவ்வோர் ஆண்டும் தாமே போய்ச் சொல்லிவிட்டு வருவார். இரண்டாவது, விரலால் தொடாமல் அதன்பின் எதற்கும் கையெழுத்திட்டதில்லை. பள்ளி மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடக்கூட எல்லாப் பாடத்தையும் கூட்டிப் பார்ப்பார் என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

உண்மையை மனைவியிடம் சொன்னது பல ஆண்டுகளுக்குப் பின். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது கலவரம் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் ஓசூர் எல்லைக்கு ஓடிவந்தனர். இவர்களால் ஓட முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் திண்ணையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்து, வந்தவர்களிடம் கன்னடத்தில் பேசி அனுப்பியவர், அன்று அந்தக் கம்பியைப் பூட்டிய அதே நண்பர். உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தபோது நம்மவர் மனைவியிடம் மெல்லச் சொல்லத் தொடங்கினாராம்: "இவன் கட்டின கம்பியத்தான் அன்னைக்கு நான் பாக்காம..." மனைவி என்ன சொன்னார் என்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அம்மையார் நான் இந்தப் பங்குக்கு வருமுன்பே இறந்துவிட்டார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அந்தக் கன்னட நண்பர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தம் வேலையைச் சோதிக்க ஒருவர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இரவில் பயணம் செய்தார் என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அன்று மாலை மகளிடம் என் விடையைச் சொன்னேன். இத்தனை பக்கம் எழுதியதை அவருக்குச் சொல்லவில்லை. "உங்கள் அப்பா அன்று இரவு என்னிடம் வந்து கேட்டிருந்தால், போ என்றுதான் சொல்லியிருப்பேன் அம்மா. ஆனால் போகும்போது அண்ணனை எழுப்பி, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போ என்று சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க சாமி. அந்த ராத்திரியிலேருந்து சாகற வரைக்கும்."

ஆலயத்துக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இடப்பக்கத்திலிருந்து வந்த குரல்; அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் சொல்லி அனுப்பினேன்.